தஞ்சாவூர் தொப்பிக்காரரும் பாரசீகத்துக் காவடியும்

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "கல்லோ செம்போ சுதையோ, எதுல செஞ்ச பழைய உருவமா இருந்தாலும் கேளுங்க"ன்னு தெரியாத்தனமா எழுதிட்டேன். ஃபோன் மெமரி ஃபுல். பாதிப் படம் எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே எடுத்த மாதிரி ஆடிப்போய் இருக்கு, ஒருத்தர் அவர் வீட்டு ஷோகேஸ்ல இருக்கிற நடராஜர அனுப்பி இது சோழர் காலமான்னு கேட்டிருக்கார் (இல்லங்க, அடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க). மிச்சத்துல எனக்குப் பதில் தெரிஞ்சதையும் எனக்குப் பிடிச்சதையும் எடுத்துக்கிட்டேன். சாமி, அதிகாரி, வெளிநாட்டுக்காரன், இந்த மூணு பேரச் சுத்தித்தான் எல்லாரும் கேட்டிருக்கீங்க.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துல தொப்பி போட்ட வெள்ளைக்காரர் உருவம் இருக்காம். வெள்ளைக்காரன் வருவான்னு ராஜராஜ சோழனுக்கு 1000 வருஷம் முன்னாடியே தெரியும்னு குடும்ப க்ரூப்ல வந்துச்சு. நான் நம்பல, என் மச்சான் நம்புறார். யார் சொல்றது சரி?
– வாசகர், உட்லண்ட்ஸ்

மச்சானோட சண்ட போடாதீங்க, பாதி அவர் சொல்றதும் சரிதான். உருவம் இருக்கு. விமானத்தோட வடக்குப் பக்கம், வட்டத் தொப்பியோட ஒரு ஆள், பாத்தா ஐரோப்பாக்காரர்னு உடனே சொல்லிடலாம். மீதிப் பாதிதான் வாட்ஸ்அப் சரக்கு.

கோயில் முடிஞ்சது 1010-ல. கட்டடம் கருங்கல், ஆனா மேல இருக்கிற உருவங்கள்ல நிறைய சுதை வேலை, அதாவது சுண்ணாம்புக் கலவையில புடிச்சு வச்சது. சுதை மழையிலயும் வெயில்லயும் உதிரும், உதிர்ந்தா பூசணும், பூசுறவர் யாரோ அவர் காலத்து ஆள்தான் அங்க வந்து உக்காருவார். சோழர் போனப்புறம் நாயக்கர் வந்தாங்க, மராட்டியர் வந்தாங்க, அவங்களும் கோயில்ல கை வச்சாங்க. 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க்குக்காரங்களோட ஒப்பந்தம் போட்டு தரங்கம்பாடியில கோட்டை கட்ட விட்டார். அப்புறம் தொப்பி வச்ச ஆளுங்க தஞ்சாவூர்ப் பக்கம் வந்து போறது சகஜமாயிடுச்சு. அதனால தொப்பிக்காரர் நாயக்கர் காலத்துலயோ அதுக்கும் பின்னாடியோ மேல ஏறினவர்னுதான் ஆராய்ச்சி பண்றவங்க பொதுவாச் சொல்றாங்க. 1010-க்கும் 1620-க்கும் நடுவுல 610 வருஷம் இருக்கு, மச்சான்கிட்ட அத மட்டும் சொல்லுங்க.

இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. நம்ம சிங்கப்பூர்க் கோயில்கள்லயே 12 வருஷத்துக்கு ஒருக்கா கும்பாபிஷேகம்னு சாரம் கட்டுறாங்க, தமிழ்நாட்டுலேந்து ஸ்தபதிங்க வர்றாங்க, நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எங்க வட்டாரக் கோயில்ல பச்சையா நின்ன துவாரபாலகர் இப்ப நீலமா நிக்கிறார், மீசை கூட கொஞ்சம் நீண்டிருக்கு. இன்னும் 500 வருஷம் கழிச்சு யாராவது வந்து அந்த நீலத்துக்கு ஒரு தத்துவம் சொன்னாலும் சொல்வாங்க.

ஆனா ராஜராஜனுக்கு வெளிநாடே தெரியாதுன்னும் நினைச்சுடாதீங்க. நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரம்னு ஒரு பௌத்தக் கோயில், அத எழுப்புனது ஸ்ரீவிஜய ராஜா, அதாவது நம்ம சுமத்ரா கடாரம் பக்கத்து ஆளு. அதுக்கு ஆனைமங்கலம்கிற ஊரையே ராஜராஜன் மானியமா எழுதி வச்சார். அந்தச் செப்பேடு கைமாறிக் கைமாறி ஹாலந்துல லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய், லெய்டன் செப்பேடுன்னே பேராயிடுச்சு. வெள்ளைக்காரர விட நம்ம பக்கத்து ஆளுங்களத்தான் அவருக்கு நல்லாத் தெரியும். இத யாரும் ஃபார்வர்டு பண்ண மாட்டேங்கிறாங்க.

கேள்வி: மகன் தொடக்கநிலை 5. பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்கு "பழைய சிற்பத்துல சாமி யாரு, ராஜா யாரு, அதிகாரி யாரு"ன்னு கண்டுபிடிக்கணுமாம். எனக்கே தெரியல. எளிமையா சொல்லுங்க அக்கா.
– வாசகி, பொங்கோல்

தம்பிக்கு இப்படிச் சொல்லிக் குடுங்கம்மா. சாமின்னா கைய எண்ணு. அதிகாரின்னா கையில என்ன இருக்குன்னு பாரு. வெளிநாட்டுக்காரன்னா தலையப் பாரு. ராஜாவுக்கு மட்டும் அவர விட்டுட்டு அவரச் சுத்தி நிக்கிறவங்களப் பாக்கணும்.

கடைசில சொன்னதுக்கு கம்போடியாவுல இருக்கிற அங்கோர் வாட்தான் நல்ல உதாரணம். இங்கேந்து விமானத்துல ரெண்டு மணி நேரம், பள்ளி விடுமுறைக்கு நிறைய பேர் போயிட்டு வர்றீங்க, ஆனா சூரியோதயம் போட்டோ எடுத்துட்டு நேரா காலைச் சாப்பாட்டுக்குப் போயிடுறீங்க. தெற்குப் பக்கத்துத் தாழ்வாரத்துல ஒரு நீளமான ஊர்வலம் செதுக்கி வச்சிருக்காங்க. அந்த நாட்டு கெமர் ராஜா இரண்டாம் சூரியவர்மன், 12-ஆம் நூற்றாண்டு. அவர் உக்காந்திருக்கார், தலைக்கு மேல குடைக்கு மேல குடை. அவருக்குக் கீழ இருக்கிற தளபதிங்களுக்கும் குடை உண்டு ஆனா எண்ணிக்கை கம்மி, குடைய எண்ணியே யாரு பெரிய ஆளுன்னு சொல்லிடலாம். அதுக்கும் மேல சின்னச் சின்ன எழுத்துல பேரையும் பட்டத்தையும் வெட்டி வச்சிருக்காங்க, நம்ம ஆபீஸ்ல மேசை மேல பேர்ப்பலகை வைக்கிற மாதிரி. அதே ஊர்வலத்துல ஒரு கூட்டம் மட்டும் வேற மாதிரி நடக்கும், கெமர் சிப்பாய்ங்க ஒழுங்கா வரிசையில போக இவங்க பேசிக்கிட்டே திரும்பிப் பாத்துக்கிட்டே போறாங்க, இடுப்புத் துணியும் வேற, தலை அலங்காரமும் வேற. பக்கத்துல "ஸ்யாம் குக்"னு எழுதியிருக்கு. சியாம்காரங்க, இன்னைக்கு நாம தாய்லாந்துன்னு சொல்ற பக்கத்துலேந்து வந்த படைன்னு பெரும்பாலும் எடுத்துக்கிறாங்க. வெளியூர்ப் படைன்னாலே ஒழுங்கு இல்லாம நடக்கும்னு அந்தச் சிற்பி ஒரு குத்து குத்திட்டுப் போயிருக்கார் பாருங்க.

கைய எண்ணுற கணக்கும் எப்பவும் ஒத்துவராது. புத்தருக்கு ரெண்டு கைதான், ராமருக்கும் ரெண்டு கைதான். மகாபலிபுரத்துல ஆதிவராகக் குகையில பல்லவ ராஜா ரெண்டு பேரு ராணிங்களோட இருக்காங்க, சாமி இருக்கிற அதே குகை, அதே கிரீடம் மாதிரிதான். அங்க மேல பேர் வெட்டி வச்சதாலதான் சிம்மவிஷ்ணு, மகேந்திரன்னு சொல்ல முடியுது, அதுலயும் எந்த மகேந்திரன்னு சண்ட இருக்கு, அத தம்பி ப்ராஜெக்ட்டுல போட வேணாம்.

அதிகாரிக்கு எனக்குப் பிடிச்சவர் எகிப்துல இருக்கார். 1860-ல சக்காரான்னு ஒரு இடத்துல தோண்டுறப்ப மரத்துல செஞ்ச ஒரு சிலை வந்துச்சு, நல்லாச் சாப்பிட்ட வயிறு, உருண்டை முகம், கண்ணுல பளிங்கு வச்சிருக்கு, கையில தடி. வெளிய எடுத்த வேலையாளுங்க எல்லாம் பாத்துட்டு "அடடே, நம்ம ஊர் நாட்டாமை"ன்னு கத்திட்டாங்களாம், ஏன்னா அப்படியே அவங்க கிராமத் தலைவர் சாயல். இன்னைக்கும் அந்தச் சிலைக்கு ஷேக் அல் பலத், கிராமத் தலைவர்னுதான் பேரு. உள்ளபடி அவர் பேரு கா-ஆப்பர், 4500 வருஷத்துக்கு முந்துன ஒரு தலைமைப் பூசகர். தம்பிக்கு இந்தக் கதை பிடிக்கும், தடியையும் வயித்தையும் வரையச் சொல்லுங்க.

கேள்வி: ஃபோர்ட் கேனிங்ல கிடைச்ச தங்கக் காப்புல இருக்கிறது யாளியா?
– வாசகர், அங் மோ கியோ

யாளி இல்லங்க. ஜாவாவுல அதுக்குக் காலான்னு பேரு, நாம கீர்த்திமுகம்னு சொல்வோம், கோயில் வாசல் வளைவுக்கு மேல கண்ண உருட்டிக்கிட்டுப் பல்லக் காட்டிக்கிட்டு இருக்குமே, அதேதான். 1928-ல அந்த மலையில நீர்த்தேக்கத்துக்கு மண்ணு வெட்டுன தொழிலாளிங்க கையில கிடைச்சது, 14-ஆம் நூற்றாண்டு, கிழக்கு ஜாவா வேலைப்பாடு. தேசிய அரும்பொருளகத்துல இருக்கு, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் காசு கிடையாது, போயிட்டு வாங்க.

கேள்வி: நான் பழைய மொழிபெயர்ப்பாளன். ரிட்டயர் ஆகுற வரைக்கும் யாரோ பேசுனத யாருக்கோ சொல்லியே பொழப்பு போச்சு. எந்தப் படத்துலயும் நாங்க இருக்க மாட்டோம், இருந்தா ஓரத்துல இருப்போம், பேர் இருக்காது. பழைய சிற்பங்கள்ல எங்க தொழில்காரங்க யாராவது உண்டா?
– வாசகர், தோ பாயோ

ஐயா, உங்களுக்காகவே ஒருத்தர் 4200 வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கார். பேரும் இருக்கு. ஷு-இலிஷு.

பாரிஸ் லூவ்ர் அரும்பொருளகத்துல, கட்டைவிரல் அளவு உருளை முத்திரை ஒண்ணு. மெசபொட்டேமியாக்காரங்க, அதாவது இன்னைக்கு ஈராக் இருக்கிற பக்கத்துப் பழைய ஆளுங்க, களிமண்ணுல உருட்டி எடுப்பாங்க, கையெழுத்து மாதிரி. அங்க இருந்த அக்காடிய ராஜ்யத்துக் காலம். அதுல எழுதியிருக்கிறது "ஷு-இலிஷு, மெலுகா மொழிபெயர்ப்பாளர்". மெலுகான்னா சிந்துவெளின்னுதான் பெரும்பாலும் எல்லாரும் எடுத்துக்கிறாங்க. அந்தப் பக்கத்துலேந்துதான் ஈராக்குல "ஊர்"னே பேர் வச்ச பழைய நகரத்துக்கு வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு மணி எல்லாம் போயிருக்கு, கல்லறையில கிடைச்சிருக்கு. மணி விக்கப் போனவங்க ஊமைப் பாஷையிலயா வித்திருப்பாங்க, நடுவுல ஒருத்தர் வேணும்ல, அவர்தான் இவர். நம்ம சிந்து எழுத்த இன்னைக்கு வரைக்கும் யாரும் எல்லாரும் ஒத்துக்கிற மாதிரி படிக்கல, ஆனா அந்த மொழியப் பேசத் தெரிஞ்ச ஒரு மனுஷன் பேர் நமக்குத் தெரியும்னு நினைக்கிறப்ப எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல.

முத்திரையில படமும் இருக்கு. ஒரு பெரிய ஆளு, சிலர் தெய்வம்னு சொல்றாங்க, உக்காந்திருக்கு, மடியில ஒரு சின்ன உருவம். முன்னாடி ஆட்டுக்குட்டி மாதிரி ஒண்ணத் தூக்கிக்கிட்டு ஒருத்தர் வர்றார், பின்னாடி செம்பு புடிச்ச ஒரு பொம்பள. மடியில இருக்கிற குட்டி உருவத்தக் குழந்தைன்னு சிலர் சொல்வாங்க, இல்ல அதுதான் மொழிபெயர்ப்பாளர்னு சிலர் சொல்வாங்க, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல உக்காந்து பேசுறதால. ரெண்டாவது கட்சி சரின்னா, ஐயா, உங்க தொழில்காரர பொடியனா செதுக்கி மடியில வச்சிருக்காங்க. ஓரத்துல நிக்கிறத விட அது தேவலையா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

மொழிபெயர்ப்பாளர் இல்லாட்டி என்ன ஆகும்னு நம்ம பக்கமும் எழுதி வச்சிருக்காங்க. முல்லைப்பாட்டுல பாசறை வரும், அங்க சட்டை போட்ட யவனர் இருப்பாங்க, உள்பக்கம் ராஜாவுக்குக் காவலா இன்னொரு வெளிநாட்டுக் கூட்டம், அவங்களப் பத்தி "உடம்பின் உரைக்கும் உரையா நாவின்"னு வரும். நாக்கு பேசாது, உடம்பு பேசும். தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்குற சீனப் பாட்டியும் நம்ம ஆளும் விரல்லயே பேரம் பேசி முடிப்பாங்களே, அது சங்க காலத்துலேந்து வர்ற கலைதான்.

கேள்வி: துவாஸ்ல வேல பாக்குறேன் அக்கா. எங்க சூப்பர்வைசர் சீனாக்காரர், ஊரு குவான்சோவாம். அவங்க ஊர்ப் புத்தர் கோயில்ல நம்ம சாமி தூணுல இருக்குதுன்னு ஃபோன்ல காட்டுனார். பாத்தா நரசிம்மர் மாதிரியே இருக்கு. நெஜமா, இல்ல கிராஃபிக்ஸா?
– வாசகர், துவாஸ்

நெஜம் தம்பி. நரசிம்மரேதான். உங்க சூப்பர்வைசருக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடுங்க, என் கணக்குல.

குவான்சோ ஒரு காலத்துல உலகத்துலயே பெரிய துறைமுகங்கள்ல ஒண்ணு, அரபிக்காரங்க ஸைத்தூன்னு சொல்வாங்க. அங்க தமிழ் வியாபாரிங்க தங்கியிருந்தாங்க, சிவன் கோயில் கட்டியிருந்தாங்க. எப்படித் தெரியும்னா தமிழ்ல கல்வெட்டே கிடைச்சிருக்கு, வருஷம் 1281. சம்பந்தப் பெருமாள்னு ஒருத்தர் திருக்கதலீச்சரம் உடைய நாயனாரை அங்க எழுந்தருளப் பண்றார், எதுக்குன்னா கானோட உடம்பு நல்லா இருக்கணும்னு. கான்னா யாரு, அப்போ சீனாவ ஆண்டது மங்கோலிய குப்லாய் கான். கடைசி வரி சீன எழுத்துல இருக்கு. மங்கோலிய ராஜா சொகமா இருக்கச் சொல்லி சீனாவுல தமிழர் சிவன் கோயில்ல வேண்டுதல், இதுக்கு மேல ஒரு சிங்கப்பூர்த்தனம் எங்க கிடைக்கும் சொல்லுங்க.

அந்தக் கோயில் பின்னாடி இல்லாமப் போயிடுச்சு, கல்லெல்லாம் ஊர் முழுக்கச் சிதறிப் போச்சு. கல்ல யாரும் வீணாக்க மாட்டாங்கல்ல, மிங் ராஜ்யக் காலத்துல கைய்யுவான் புத்தர் கோயிலப் பழுது பாத்தப்ப ரெண்டு தூண கொண்டு வந்து பெரிய மண்டபத்துப் பின்பக்கம் நட்டுட்டாங்க. அதுலதான் உங்க நரசிம்மர் இரணியன மடியில போட்டுக்கிட்டு இருக்கார், கிருஷ்ணனும் இருக்கார். முன்பக்கம் போய் ஊதுபத்தி வச்சுட்டு வர்றவங்க நிறைய பேருக்குப் பின்பக்கத்துல யார் இருக்காங்கன்னே தெரியாது.

இன்னொண்ணு சொல்றேன். குவான்சோ பக்கத்துல ஒரு கிராமத்துல ஒரு சின்னக் கோயில், அங்க ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையா ஒரு கல் உருவத்த குவான்யின்னு கும்பிடுறாங்க, கருணைத் தெய்வம், நம்ம ஊர் வாட்டர்லூ ஸ்திரீட் கோயில்ல இருக்காங்களே அதே குவான்யின்தான். ஆனா கிட்டப் போய்ப் பாத்தா நாலு கை, காலுக்குக் கீழ ஒரு அரக்கன், ரெண்டு பக்கமும் தோழிங்க. நம்ம ஊர் அம்மன். மேல பொங்கோல் அக்காவுக்குக் கைய எண்ணச் சொன்னேன்ல, இங்க கைய எண்ணுனா பேர் தப்பாயிடும். ஆனா நான் அவங்கள்ட்ட போய் இது குவான்யின் இல்லன்னு சொல்ல மாட்டேன். பூவும் பழமும் தெனம் வருது, அம்மனுக்கு என்ன குறை. வாட்டர்லூ ஸ்திரீட்லயும் குவான்யினக் கும்பிட்டுட்டு வர்ற சீனர்ங்க பக்கத்துல கிருஷ்ணன் கோயில்லயும் நின்னு ஊதுபத்தி ஏத்திட்டுத்தான் போறாங்க, அதப் பாத்து வளர்ந்தவ நான்.

சூப்பர்வைசர்ட்ட திருப்பிச் சொல்ல உங்களுக்கும் ஒரு கதை வேணும்ல, இத வச்சுக்குங்க. இலங்கையில காலி நகரத்துல 1911-ல ஒரு மதகு மேல மூடியாக் கவுத்துப் போட்டிருந்த பலகைக் கல்லத் திருப்பிப் பாத்தா மூணு மொழியில எழுத்து, சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கப்பல்படைத் தளபதி செங் ஹோ கொண்டு வந்தது, தேதி 1409. சீனத்துல புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்துல அல்லாவுக்கு, தமிழ்ல தேனாவரை நாயனார்ங்கிற சாமிக்கு. மூணு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு தங்கம், வெள்ளி, பட்டு, எண்ணெய். யாருக்கும் கோவம் வரக்கூடாதுன்னு கணக்கா பிரிச்சுக் குடுத்திருக்கார் மனுஷன். மேல ஓரத்துல டிராகன் செதுக்கியிருக்கு. இப்போ கொழும்பு தேசிய அரும்பொருளகத்துல இருக்கு.

கேள்வி: சிங்கப்பூர்க் கல்லுல இருக்கிறது தமிழ்தானே? ஏன் அறிவிக்க மாட்டேங்கிறாங்க?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

அறிவிக்க அங்க எழுத்து மிச்சம் இருந்தாத்தானே ஐயா. 1819-ல ஆத்து முகத்துவாரத்துல கண்டுபிடிச்சப்ப அது சுமார் 3 மீட்டர் உயரப் பாறை, அம்பது வரிக்கு மேல எழுத்து. 1843-ல இடம் வேணும்னு வெடி வச்சுத் தூளாக்கிட்டாங்க. மிஞ்சுன துண்டுங்கள்ல ஒண்ணுதான் இப்போ தேசிய அரும்பொருளகத்துல இருக்கு. எழுத்து பழைய ஜாவாவுல வழங்குன காவி எழுத்து சாயல்னுதான் நிறைய பேர் சொல்றாங்க. சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆய்வாளர் அதுல "கேசரிவ"ன்னு படிக்கலாம்னு சொல்லி, பரகேசரிவர்மன்கிற சோழர் பட்டமா இருக்குமோன்னு கேட்டார். கேட்டார், அவ்ளோதான். உடனே நம்ம ஆளுங்க ராஜேந்திர சோழன் இங்க வந்து கோப்பி குடிச்சதாவே எழுதிட்டாங்க. எனக்கும் ஆசைதான், ஆனா நாலஞ்சு எழுத்த வச்சு ராஜேந்திரன இறக்குமதி பண்ண எனக்குத் துணிச்சல் இல்ல.

கேள்வி: ஆசிய நாகரிக அரும்பொருளகத்துல நம்ம சாமி சிலைகளக் கண்ணாடிக்குள்ள வச்சு, எல்லாரும் செருப்போட சுத்தி வந்து பாக்குறாங்க. மனசு கஷ்டமா இருக்கு. திருப்பி அனுப்பிடக் கூடாதா?
– வாசகி, ஈசூன்

உங்க கஷ்டம் புரியுதும்மா. எங்கம்மா அங்க வந்தப்ப சோமாஸ்கந்தர் முன்னாடி செருப்பக் கழட்டி ஓரமா வச்சுட்டுத்தான் நின்னாங்க, பாதுகாவலர் மலாய்க்காரர், ஒண்ணும் சொல்லாம அந்தச் செருப்புப் பக்கத்துலயே போய் நின்னுக்கிட்டார், யாரும் தடுக்கி விழாம இருக்க.

ஒரு சிலை திரும்பியும் போயிருக்கு. உமா பரமேஸ்வரி, 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் செம்பு. 2007-ல நியூயார்க் வியாபாரி ஒருத்தர்கிட்ட 650,000 அமெரிக்க டாலர் குடுத்து வாங்குனது. அந்த வியாபாரி சுபாஷ் கபூர், பின்னாடி சிலைத் திருட்டு வழக்குல மாட்டுனவர், அம்பாளும் அரியலூர்ப் பக்கத்து சிவன் கோயில்லேந்து போனவங்கன்னு தெரிய வந்து, 2015-ல இந்தியாவுக்கே திருப்பிக் குடுக்க அரும்பொருளகம் ஒத்துக்கிச்சு. திருடுனதுன்னு தெரிஞ்சா போகணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. நேர்மையா வந்ததுங்க இருக்கட்டும், இங்க பொறந்த பிள்ளைங்க சோழர் செம்ப எங்க போய்ப் பாக்கும்? செருப்புக்கு எனக்கும் வழி தெரியல.

கேள்வி: பழைய சிற்பங்கள்ல வெளிநாட்டுக்காரன்னாலே காலடியில மிதிபடுறவன், கட்டிப் போட்டு இழுத்துட்டு வர்றவன் இப்படித்தான் காட்டுறாங்க. மரியாதையாக் காட்டுன இடம் ஒண்ணுகூட இல்லையா?
– வாசகர், கிளமெண்டி

நீங்க சொல்றது பெரும்பாலும் உண்மைதான். துட்டன்காமன் கல்லறையில கிடைச்ச செருப்பு ஒண்ணுல மிதிக்கிற பக்கம் எதிரி நாட்டு ஆளுங்க படம், ராஜா நடக்க நடக்க மிதிச்சுக்கிட்டே போகணும்னு. அசீரியா ராஜா மூன்றாம் ஷால்மனேசரோட கருப்புச் சுண்ணாம்புக்கல் தூணு லண்டன்ல இருக்கு, அதுல இஸ்ரேல் ராஜா யெகூ தலை தரையில படக் குனிஞ்சு கெடக்கார். பழைய இஸ்ரேல் ராஜா ஒருத்தருக்கு அந்தக் காலத்துலயே செஞ்சு நமக்குக் கிடைச்ச படம் அது ஒண்ணுதான்னு சொல்றாங்க, அதுலயும் முகம் தரையப் பாத்துக்கிட்டு இருக்கு, பாவம்.

ஆனா ஒரு இடம் இருக்குங்க. ஈரான்ல பெர்செபோலிஸ். 2500 வருஷத்துக்கு முந்துன பாரசீக அரண்மனை, அபதானா மண்டபத்துப் படிக்கட்டுச் சுவர் முழுக்க வெளிநாட்டுத் தூதுக் குழுங்க, மொத்தம் 23. ஒவ்வொரு குழுவுக்கும் முன்னாடி ஒரு அரண்மனை அதிகாரி, அவர் கையில கோல், இன்னொரு கையால குழுத் தலைவரோட கையப் புடிச்சு மெதுவாக் கூட்டிட்டுப் போறார். கட்டி இழுக்கல, கையப் புடிச்சுட்டுப் போறார், கல்யாண வீட்டுல வாசல்ல நிக்கிற பெரியவர் உள்ள கூட்டிட்டுப் போவாரே அந்த மாதிரி. வரி கட்டத்தான் வந்திருக்காங்க, அதுல சந்தேகமில்ல, ஆனா கல்லுல அவமானம் இல்ல.

அந்த 23-ல நம்ம பக்கமும் உண்டு, பாரசீக ராஜ்யத்துக்குள்ள இருந்த சிந்து நதிப் பக்கத்து இந்தியர். மத்தவங்கள்ல நிறைய பேர் கோட்டு, கால்சட்டை, கூர்த்தொப்பின்னு வர்றாங்க, நம்ம ஆளுங்க பெரும்பாலும் வெறும் மேலு, இடுப்புல வேட்டி. ஒருத்தர் கழுதைய ஓட்டிட்டு வர்றார், ஒருத்தர் கையில கோடாலி. இன்னொருத்தர் தோள்ல ஒரு கம்பு, கம்போட ரெண்டு பக்கமும் கூடை, கூடைக்குள்ள சின்னக் குடங்க. உள்ள தங்கப் பொடின்னு நினைக்கிறாங்க, ஏன்னா இந்தியர் வருஷா வருஷம் 360 தாலந்து தங்கப் பொடி கட்டுனாங்கன்னு கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதி வச்சிருக்கார். புத்தகத்துல அத காவுதடி, தராசுக் கம்புன்னு என்னென்னமோ சொல்வாங்க. நான் முதல்ல அந்தப் படத்தப் பாத்தப்ப என் வாயில வந்தது ஒரே சொல்லுதான், காவடி. தைப்பூசத்தன்னைக்கு சிராங்கூன் ரோட்டுலேந்து டேங்க் ரோடு வரைக்கும் நடந்து போறவர அப்படியே புடிச்சு ஈரான்ல செதுக்கி வச்ச மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, முருகனுக்கும் பாரசீக ராஜா டேரியஸுக்கும் முடிச்சுப் போட்டு ஃபார்வர்டு விட்டுடாதீங்க, சுமையத் தூக்க மனுஷனுக்குத் தோள் ஒண்ணுதான் இருக்கு, அவ்ளோதான்.

நம்ம ஊர்லயும் மரியாதை உண்டு. 1922-ல திறந்த புக்கிட் பிரவுன் சீன இடுகாட்டுல சில பணக்காரக் கல்லறைங்களுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் காவலுக்கு நிக்கிறது சீனச் சிப்பாய் இல்ல, தலைப்பாகை தாடியோட சீக்கியர். அந்தக் காலத்துல வங்கி வாசல், கிடங்கு வாசல், பெரிய வீட்டு வாசல் எல்லாத்துலயும் சீக்கியர்தான் ஜாகா, அதாவது காவல்காரர், செத்தப்புறம் மட்டும் வேற ஆள வைப்பாங்களா. சாமி பக்கத்துல துவாரபாலகர் மாதிரி நிக்கிறார் நம்ம சிங்.

கேள்வி: டிசம்பர்ல சீனாவுல சியான் போறோம். மண்ணு சிப்பாய்ங்களத் தவிர வேற என்ன பாக்கலாம்?
– வாசகி, செங்காங்

கொஞ்சம் தள்ளி செயன்லிங் கல்லறை இருக்கு, தாங் பேரரசர் காவோசோங்கும் பேரரசி வூ செத்தியனும் ஒண்ணாப் படுத்திருக்கிற இடம். அங்க 61 வெளிநாட்டுத் தலைவருங்க, தூதருங்க கல்லுல ஆளுயரத்துக்கு நிக்கிறாங்க, கைய நெஞ்சு முன்னாடி கூப்பி, வரிசையா. கிட்டத்தட்ட எல்லாருக்கும் தலை இல்ல. வெளிநாட்டுக்காரன்னா தலையப் பாருன்னு நான் சொன்னது இங்க செல்லாது. ஆனா ஒவ்வொருத்தர் முதுகுலயும் பேரும் நாடும் பதவியும் வெட்டியிருந்தாங்க, பெரும்பாலும் தேஞ்சு போச்சு, சிலதுல இன்னும் படிக்கலாம். முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு வந்துடாதீங்க, பின்னாடி சுத்திப் போய்ப் பாருங்க. குளிருக்கு நல்ல ஜாக்கெட் எடுத்துக்குங்க.